போனில் டாக்டர்: உங்கள் ‘சரி’ எதுவரை செல்லும்?

தென்காசிப் பக்கம் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 68 வயது அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வலது பாதத்தில் இரண்டு வாரமாக ஆறாத புண். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு செயலியில் பணம் கட்டி, மருத்துவரோடு வீடியோ அழைப்புக்கு நேரம் வாங்குகிறார். பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்துக்கொள்கிறான். மகனும் மருத்துவரும் பேசிக்கொள்கிறார்கள். “காலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கம்மா” என்பதைத் தவிர அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. எட்டு நிமிடத்தில் அழைப்பு முடிகிறது. புண்ணின் படம் மூன்று பேர் போனில் தங்கிவிட்டது. மருந்துச் சீட்டு நேராக ஏதோ ஒரு மருந்துக்கடைக்குப் போய்விட்டது. மருத்துவரின் பெயர்கூட அம்மாவுக்குத் தெரியாது.

யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. மகனுக்கு அம்மாமேல் அக்கறை, மருத்துவருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கும் அவசரம். ஆனாலும் அந்த எட்டு நிமிடத்தில் அம்மாவுக்குச் சட்டப்படி உள்ள உரிமைகளில் நாலைந்து கேட்பாரற்றுப் போயின. அவருக்கு அவை இருப்பதே தெரியாததால் அவரும் கேட்கவில்லை. அந்த உரிமைகள் என்ன, எந்த இடத்தில் எப்படிக் கேட்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

விதி எங்கே எழுதியிருக்கிறது?

தூரத்திலிருந்து மருத்துவம் பார்ப்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்தில் அப்போலோ மருத்துவமனை அமைத்த தொலைமருத்துவ மையத்தை 2000-ல் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். சங்கர நேத்ராலயா, அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை கிராமத்து நோயாளியையும் நகரத்து மருத்துவரையும் வீடியோவில் இணைத்து வெகுகாலமாகக் கண் பரிசோதனை செய்துவருகின்றன. ஆனால் எது செய்யலாம், எது கூடாது என்று நாடு முழுவதற்கும் பொதுவான விதி இருக்கவில்லை. நோயாளியை நேரில் பார்க்காமல் போனிலேயே மருந்து சொன்ன வழக்கில், ஒரு மருத்துவர் தம்பதியின் முன்ஜாமீன் மனுவை 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு பல மருத்துவர்கள் போனை எடுக்கவே பயந்தார்கள்.

கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியாயின. மருத்துவர்களின் நடத்தையையும் நெறிகளையும் வகுக்கும் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளோடு இவை இணைக்கப்பட்டன. ஆகவே இவற்றை மீறும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறியவர் ஆகிறார். வீடியோ, குரல் அழைப்பு, வாட்ஸ்ஆப் செய்தி, மின்னஞ்சல் எல்லாமே இதில் அடங்கும். சித்தா, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்களுக்கு அதே ஆண்டில் தனி வழிகாட்டுதல்கள் வந்தன. வெளிநாட்டில் இருக்கும் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது இந்த விதிகளின் எல்லைக்குள் வராது.

முதல் கேள்வி: அழைத்தது யார்?

தொலைமருத்துவத்தில் சம்மதம் இரண்டு வகை. நீங்களே மருத்துவரை அழைத்தால், பேசுவதற்கு நீங்கள் சம்மதித்ததாகவே விதி எடுத்துக்கொள்கிறது. தனியாகக் கையெழுத்தோ ஒப்புதல் செய்தியோ தேவையில்லை. மருத்துவமனையில் டோக்கன் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்தால் எப்படியோ, அப்படித்தான்.

உங்களுக்காக வேறொருவர் அழைத்தால் நிலைமை மாறுகிறது. அது மகனாக இருக்கலாம், கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், மருத்துவரே கூப்பிட்டிருக்கலாம். அப்போது உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, நோயாளியின் பதிவேட்டில் குறித்துவைப்பது மருத்துவரின் கடமை. அதற்கு நீளமான படிவம் எதுவும் கிடையாது. “ஆமாம், போனில் ஆலோசனை பெற எனக்குச் சம்மதம்” என்று எளிய சொற்களில் வாயால் சொன்னால் போதும். குறுஞ்செய்தியாகவோ குரல் பதிவாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்பினாலும் செல்லும்.

துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் தன் போனிலிருந்து மருத்துவரை இணைக்கும்போது, இந்த முறையால் என்ன நன்மை, இதில் எதைப் பார்க்க முடியாது என்று நோயாளிக்கு முதலில் விளக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. “டாக்டர் லைன்ல இருக்காரு, பேசுங்க” என்று போனைக் கையில் கொடுத்தால் அந்தக் கடமை முடிந்ததாகாது.

மகன் பேசலாமா? சிறார், மறதி நோயால் பாதிக்கப்பட்டவர், விபத்தால் பேச முடியாத நிலையில் இருப்பவர் ஆகியோருக்காகக் கூட இருந்து கவனிப்பவர் பேசலாம். மற்றபடி, நோயாளி உடன் இல்லாதபோது அவர் சார்பில் ஒருவர் பேச வேண்டுமானால், அதற்கு நோயாளி அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உறவைக் காட்டும் சரிபார்த்த ஆவணம் இருக்க வேண்டும். தென்காசி அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, புத்தி தெளிவாக இருக்கிறது, அழைப்பிலும் அவர் இருக்கிறார். அங்கே மகன் உதவி செய்யலாம், மொழிபெயர்க்கலாம், பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் “சரி” என்று சொல்ல வேண்டியவர் அம்மாதான். குழந்தை என்றால், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டுமே மருத்துவர் ஆலோசனை சொல்லலாம்.

ஒரு சரி, ஒரு காரியத்துக்கு

சம்மதத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு தீர்ப்பு சொன்னது. மாதவிடாய்க் கோளாறுக்காக வந்த ஒரு பெண், காரணம் கண்டறிய வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதித்திருந்தார். மயக்க மருந்தில் அவர் கிடந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் மருத்துவர் அகற்றிவிட்டார். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இருக்கவில்லை. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாயின் ஒப்புதல் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான அளவுக்கு விவரம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பயன், ஆபத்து, வேறு வழி ஆகியவை அதில் அடங்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம்.

அது அறுவை சிகிச்சை அறையில் நடந்தது. ஆனால் அதன் அடிப்படையை நம் போன் அழைப்புக்கும் கொண்டுவரலாம். மருத்துவரை அழைத்ததால் நீங்கள் சம்மதித்தது அவரோடு பேசுவதற்கு. உங்கள் படத்தை அவர் இன்னொருவருக்கு அனுப்புவது, சீட்டை ஒரு கடைக்கு மாற்றுவது, பேச்சைப் பதிவு செய்வது, உங்கள் தகவலைச் செயலி வேறு வேலைக்குப் பயன்படுத்துவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் காரியம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள், தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள்.

திரையில் இருப்பவர் யார்?

பெயர் தெரியாத ஆலோசனைக்கு விதியில் இடமில்லை. நோயாளியின் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைக் கேட்டு மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். அதேபோல் அவரும் தன் பெயரையும் படிப்பையும் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். மாநில மருத்துவ கவுன்சிலிலோ தேசியப் பதிவேட்டிலோ பெயர் உள்ளவர் மட்டுமே இந்த வழியில் மருத்துவம் பார்க்கலாம். அந்தப் பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

செயலி நடத்தும் நிறுவனத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. தன் பட்டியலில் இருப்பவர்கள் பதிவு பெற்ற மருத்துவர்கள்தானா என்று சரிபார்த்து, ஒவ்வொருவரின் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவற்றை அது காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதற்கோ மருந்து எழுதுவதற்கோ இந்த வழிகாட்டுதல்கள் அனுமதி தரவில்லை. மருத்துவருக்குத் துணையாக மட்டும் அது இருக்கலாம். அரட்டைப் பெட்டியில் பதில் வந்துகொண்டே இருந்து, மனிதர் யாரும் பெயர் சொல்லவில்லையானால், “நான் பேசுவது மருத்துவரிடமா? உங்கள் பதிவு எண் என்ன?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கே மேற்கொண்டு எதுவும் சொல்லாதீர்கள்.

“நேரில் வரேன் டாக்டர்”

அம்மாவின் புண்ணுக்குத் திரும்புவோம். சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணைத் திரையில் பார்க்கும்போது அதன் நிறம் தெரியும், அகலம் தெரியும். ஆழம் தெரியாது. பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா, உணர்ச்சி இருக்கிறதா, சுற்றியுள்ள தோல் சுடுகிறதா என்பதைத் தொட்டால்தான் அறிய முடியும். காலைக் காப்பாற்றுவதும் இழப்பதும் சில நேரம் அந்தத் தொடுகையைப் பொறுத்தது. இந்த வரம்பைச் சொல்லாமல் வாங்கிய சம்மதத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

போன் போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று தன் அனுபவத்தால் தீர்மானிக்கும் பொறுப்பை விதி மருத்துவருக்குத் தந்திருக்கிறது. பாதி அழைப்பில்கூட “இதை நேரில் பார்க்க வேண்டும்” என்று அவர் நிறுத்தலாம். அதே சுதந்திரம் உங்களுக்கும் உண்டு. எந்தக் கட்டத்திலும் நீங்கள் அழைப்பை முடித்துக்கொள்ளலாம். நோயாளி நேரில் வரத் தயாராக இருக்கும்போது, போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் வற்புறுத்துவதை விதி வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பக்கவாத அறிகுறி, பெரிய விபத்து போன்றவற்றுக்கு வீடியோ அழைப்பைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். உடனே 108. நெருக்கடியில் தொலைமருத்துவர் செய்ய முடிவது முதலுதவி சொல்வதும் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவதும்தான். சீக்கிரம் நேரில் காட்டும்படி அவர் சொல்லியாக வேண்டும்.

சீட்டில் என்ன எழுதலாம்?

மருந்துகளை விதி அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறது. பாரசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்றவற்றை எந்த வகை அழைப்பிலும் சொல்லலாம். தோலுக்கான களிம்பு, கண் சொட்டு மருந்து போன்ற சிலவற்றை முதல்முறை பார்க்கும் நோயாளிக்கு வீடியோவில் பார்த்த பிறகே எழுதலாம். ஏற்கெனவே நேரில் பார்த்த அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் தொடர் ஆலோசனைக்கு வருபவருக்கு இன்னும் சில மருந்துகள். அடிமைப்படுத்தக்கூடிய போதைப் பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும், மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றையும் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. தூக்க மாத்திரை கேட்டு மருத்துவர் மறுத்தால், கோபப்படுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று ஓரளவாவது கண்டறியாமல் மருந்து எழுதுவதும் தொழில் ஒழுங்கு மீறல்தான்.

சீட்டைக் கையெழுத்திட்ட படமாகவோ மின்சீட்டாகவோ அனுப்பலாம். மருத்துவர் அதை நேராக ஒரு மருந்துக்கடைக்கு அனுப்புவதாக இருந்தால், உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். விரும்பிய கடையில் வாங்கிக்கொள்ளும் உரிமையும் உங்களிடமே இருக்கும். பல செயலிகளில் சீட்டு வந்த மறுநிமிடமே கூடையில் மருந்து சேர்ந்திருக்கிறது. “எனக்குச் சீட்டை அனுப்புங்கள், எங்கள் தெரு மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. ஊர்ப் பக்கம் மலிவு விலை மருந்தகம் இருந்தால் காசும் மிச்சம்.

கட்டணம் கட்டினால் ரசீது கேளுங்கள். கொடுப்பது மருத்துவரின் கடமை. காப்பீட்டுக்கும் புகாருக்கும் அதுதான் முதல் ஆதாரம்.

படம் யாருடையது?

தொலைமருத்துவத்தில் மக்கள் அதிகம் கூசுவது இங்கேதான். மார்பில் கட்டி, தொடை இடுக்கில் படை, பிரசவத் தையல்: நேரில் காட்டினால் காட்டியதோடு முடிந்தது. படமாக அனுப்பினால் அது எங்கே தங்கும், யார் பார்ப்பார் என்ற பயம் நியாயமானது.

நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் பழைய கடமை. போன் வந்ததால் அது குறைந்துவிடவில்லை. நோயாளியின் அந்தரங்கப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதைக் கூடாத செயலுக்கு உதாரணமாகவே வழிகாட்டுதல்கள் குறிப்பிடுகின்றன. ஆளை அடையாளம் காட்டும் படத்தை அனுமதியின்றி மருத்துவ இதழிலும் வெளியிடக் கூடாது. அழைப்பின்போது மருத்துவரின் அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா, பேச்சு பதிவாகிறதா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பக்கமும் அப்படியே. அந்தரங்கமான விஷயம் பேசும்போது போனைப் பிடிக்கும் பையனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் என்றால் என்ன என்பதை விளக்க அந்தச் சட்டமே ஒரு தொலைமருத்துவச் செயலியைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. மருத்துவச் சேவைக்காகத் தகவலைப் பயன்படுத்தவும், போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் செயலி அனுமதி கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்று அழுத்திவிடுகிறார். ஆனால் வைத்தியம் பார்க்கத் தொடர்பு எண்கள் தேவையில்லை. எனவே அவருடைய சம்மதம் மருத்துவச் சேவைக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். அவசரத்தில் அழுத்திய பொத்தான்கூட உங்களை முழுதாக விற்றுவிடாது என்பதே இதன் பொருள். சம்மத அறிவிப்பைத் தமிழ் உள்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பையும் இந்தச் சட்டம் தருகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது.

ஆபா என்னும் 14 இலக்கச் சுகாதார எண்ணும் விருப்பத்தின்பேரில் எடுத்துக்கொள்வதே. அதோடு இணைந்த உங்கள் மருத்துவப் பதிவுகளை இன்னொருவர் பார்க்க உங்கள் அனுமதி வேண்டும்.

உங்கள் சிகிச்சைக் குறிப்புகளும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியவை. அழைப்பு விவரம், பரிசோதனை முடிவு, சீட்டு ஆகியவற்றை மருத்துவர் பாதுகாக்க வேண்டும். நோயாளி மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

மீறினால் எங்கே போவது?

மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் மாநில மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் என்றால் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். பதிவு எண் உங்களிடம் இருந்தால்தான் எந்த மாநிலக் கவுன்சில் என்பதே தெரியும். அதனால்தான் அழைப்பின் தொடக்கத்திலேயே அதைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பணம் கட்டிப் பெற்ற சேவையில் குறை இருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகத் தரப்படும் மருத்துவச் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது 1995-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. எனவே அரசின் இ-சஞ்சீவனி போன்ற இலவசச் சேவையில் குறை நேர்ந்தால், மருத்துவ கவுன்சிலையும் சுகாதாரத் துறை அதிகாரிகளையும் நாட வேண்டும். இலவசம் என்பதால் சம்மதம், ரகசியம், நல்ல கவனிப்பு ஆகிய உரிமைகள் ஒரு துளியும் குறையாது.

திரைப்பிடிப்புகள், ரசீது, சீட்டு, அழைத்த தேதி, நேரம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். செயலியில் அரட்டை அழிந்துபோகும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எட்டு நிமிடம், இன்னொரு முறை

அதே வீடு, அதே புண். மகன் முன்னாடியே அம்மாவிடம் சொல்கிறார்: “அம்மா, டாக்டர்கிட்ட வீடியோல காட்டலாமா? தொட்டுப் பார்க்க முடியாது, ஆனா அடுத்து என்ன செய்யணும்னு சொல்வார்.” அம்மா தலையாட்டுகிறார். அழைப்பு வருகிறது. மருத்துவர் தன் பெயரைச் சொல்கிறார், படிப்பைச் சொல்கிறார். மகன் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்கிறார். பிறகு மருத்துவர் கேட்கிறார்: “அம்மா, உங்ககிட்டயே கேட்கிறேன். இப்படிப் பேசறதுல உங்களுக்குச் சம்மதமா?” அம்மா “சரி” என்றதும் மருத்துவர் பழைய சீட்டைப் பார்க்கிறார், காலைப் பார்க்கிறார். புண்ணைத் தொட்டுச் சோதிக்காமல் முடிவு சொல்ல முடியாது, நாளைக்கே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள் என்கிறார். படத்தை மருத்துவருக்கு அனுப்பிய பையன் தன் போனிலிருந்து அதை அழித்துவிடுகிறான்.

இதற்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை மருத்துவர் கொடுக்க மறந்தால் மகன் கேட்கட்டும். மகன் மறந்தால் அம்மாவே கேட்கட்டும்: “டாக்டர், உங்க பேர் என்னங்க? இதை நேர்ல காட்டணுமா?”